இரண்டு மேஜைகளுக்கு நடுவே

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்புறம், கூட்ஸ் ஷெட்டை ஒட்டினாற்போல் இருந்த உப்புக் கம்பெனி ஆபீசில், ஹெட் கிளார்க் கஸ்தூரிரங்கனும் அக்கவுண்டன்ட் ஆபிரகாமும் ஆறு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இருவருடைய மேஜைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன. நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம். அந்த இடத்தில் பியூன் முனிசாமி நிற்பார்.

“முனிசாமி, உப்பளத்திலேர்ந்து லாரி வந்துடுத்தான்னு கேளு” என்பார் கஸ்தூரிரங்கன்.

முனிசாமி அரை வட்டம் திரும்பி, “சார், அளத்துலேர்ந்து லாரி வந்துட்ச்சான்னு கேக்குறாரு” என்பார். அவருக்குக் கூட்ஸ் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல்.

“இன்னும் வரலைன்னு சொல்லு” என்பார் ஆபிரகாம்.

மறுபடி அரை வட்டம். “இன்னும் வர்லியாம் சார்.”

புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். உப்பு வாங்க வரும் வியாபாரிகள், ரயில்வே குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் நாளடைவில் பழகிவிட்டது. டைப்பிஸ்ட் ருக்மிணிக்கு மட்டும் பழகவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினில் தப்புத் தப்பாக அடித்துவிட்டு, காகிதத்தை உருவிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். நாலு வருஷம் கழித்தும் சில சமயம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அவர்கள் எப்போதும் அப்படி இருந்தவர்கள் இல்லை. யுத்த காலத்தில் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாயங்காலம் ஆபீசைப் பூட்டியதும் இரண்டு பேரும் கொளவாய் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டே கொஞ்ச தூரம் நடப்பார்கள். ஒரே பத்திரிகையை வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்பார்கள். கஸ்தூரிரங்கன் அவரை ‘ஓய்’ என்றுதான் கூப்பிடுவார்.

அதற்கு அப்புறம் ஒரு பங்குனி மாதம், அரக்கோணம் போக வேண்டிய உப்பு வேகன் ஒன்று அறந்தாங்கிக்குப் போய்விட்டது. வண்டி புறப்படுகிற அவசரத்தில் கஸ்தூரிரங்கன் மேஜையிலிருந்தபடியே ஊர்ப் பெயரைச் சொன்னார், ஆபிரகாம் எழுதினார். அரக்கோணம் என்றுதான் சொன்னேன் என்று ஒருவர், அறந்தாங்கி என்றுதான் காதில் விழுந்தது என்று மற்றவர். பெரிய முதலாளி மதராஸிலிருந்து வந்து இரண்டு பேரையும் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டிவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பியதும் கஸ்தூரிரங்கனுக்கு அவமானம் தாங்கவில்லை. “செவிட்டுக் காதை வச்சுண்டு எழுத உட்கார்ந்தா கம்பெனி உருப்பட்டாப்லதான்” என்று உரக்கச் சொன்னார்.

ஆபிரகாமின் முகம் வெளுத்துப்போயிற்று. பேனாவை மூடி வைத்தார். “இனிமே உங்க பேச்சே எனக்கு வேணாம் சார்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் கஸ்தூரிரங்கன் நினைத்தார். கோபத்தில் மனுஷர்கள் என்னென்னவோ சொல்லிக்கொள்கிறார்கள், இதற்குப் போய் இவ்வளவா என்று இருந்தது. பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அப்படியே ஓடிக்கொண்டிருந்த ஆபீசில், ஐம்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் மதராஸிலிருந்து உத்தரவு வந்தது. பெரிய முதலாளி காலமாகி, மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். மகாபலிபுரத்துக்கு வடக்கே கால்வாய்க் கரையிலிருந்த கம்பெனி உப்பளத்தை விற்றாகிவிட்டது. இனித் தொழில் எல்லாம் தூத்துக்குடியில். சித்திரையோடு செங்கல்பட்டு ஆபீஸ் மூடப்படும். தூத்துக்குடிக்கு வர விரும்புகிறவர்களுக்கு அங்கே வேலை உண்டு. கஸ்தூரிரங்கன் அதை எல்லோருக்கும் நின்றபடி வாசித்தார். வெளியே ஷண்டிங் இஞ்சின் ஒன்று வேகன்களை மோதித் தள்ளிக்கொண்டிருந்தது.

“நான் வரேன்னு எழுதிக்கச் சொல்லு முனிசாமி” என்றார் ஆபிரகாம். அவர் மனைவி ரெபேக்காளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கேதான்.

முனிசாமி திரும்பினார். ஆனால் வாய் திறக்கவில்லை. கஸ்தூரிரங்கன் தாமாகவே குனிந்து எழுதிக்கொண்டார். அவரால் போக முடியாது. சொந்த வீடு இங்கே, பையன் இங்கே படிக்கிறான். ஐம்பது வயசுக்கு மேல் எந்த ஊரில் போய் யாரைத் தெரிந்துகொள்வது?

முதலில் போனவன் வரதன். சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த பையன், துருதுருவென்று இருப்பான், சினிமாப் பாட்டை விசில் அடித்துக் கஸ்தூரிரங்கனிடம் திட்டு வாங்குவான். பெரம்பூரில் புதிதாக வந்திருந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஸ்டேஷன் ஹோட்டலிலிருந்து கேசரியும் வடையும் வாங்கி வந்து எல்லோருக்கும் இலையில் வைத்தான். “நான் பண்ற பெட்டியிலதான் நீங்க எல்லாம் ஒரு நாள் பிரயாணம் பண்ணப் போறீங்க” என்றான். மறுநாள் விசில் சத்தம் இல்லை. ஆபீசில் எவ்வளவு அமைதி வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் ஆசைப்பட்டிருந்தாரோ அவ்வளவு அமைதி இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி பிறந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். இரும்பு அலமாரி தூத்துக்குடிக்குப் போயிற்று. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. டைப்ரைட்டரை வைக்கோல் போட்டுப் பெட்டியில் இறக்கியபோது ருக்மிணி பக்கத்திலேயே நின்று, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மதராஸில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இடம் கிடைத்திருந்தது. தினம் ரயிலில் போய்வர வேண்டும். அவளுடைய அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அம்மா சாப்பிடாமல் இருந்ததாகவும், நாலாம் நாள் தானும் சாப்பிடாமல் இருந்ததாகவும், அதற்கு மேல் அம்மா தாங்கவில்லை என்றும் ருக்மிணியே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

போகிற அன்று கஸ்தூரிரங்கனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டேளே?”

“என்ன?”

“நீங்களும் ஆபிரகாம் சாரும் பேசிக்கறதை ஒரு தடவையாவது கேட்டுட்டுப் போகணும்னு ஆசையா இருக்கு.”

கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உனக்கு ரயிலுக்கு நாழியாச்சு. போய்ட்டு வா. நன்னா இரு” என்றார்.

அவள் ஆபிரகாமிடமும் விடைபெற்றுக்கொண்டாள். அவர் தம் பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்து, “கையெழுத்து அழகா இருக்கு உனக்கு. மெஷின்லயே அடிச்சு அதை விட்டுடாதே” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

கடைசியில் முனிசாமியும் போகும்படி ஆயிற்று. கூட்ஸ் ஷெட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி வேலை காலியாயிருந்தது. கம்பெனிக்காகத் தினமும் அங்கே போய்வந்த பழக்கத்தில் ஷெட் மாஸ்டர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமையே வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள்.

முனிசாமி இரண்டு மேஜைகளுக்கும் நடுவே வழக்கமான இடத்தில் வந்து நின்றார். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரயில்வே வேலை சார். வுட்டா கெடைக்காது. எம் பொஞ்சாதி பூவாயி காலைல போய் கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு வந்துட்டா. ஆனா எனக்கு மனசு வர்ல. நான் பூட்டா நீங்க ரெண்டு பேரும் இன்னா சார் பண்ணுவீங்க?”

“எங்களுக்கு என்ன, பாத்துப்போம்” என்றார் கஸ்தூரிரங்கன்.

“நீ தைரியமா போ முனிசாமி” என்றார் ஆபிரகாம்.

“இப்ப நான் கீறப்பவே ஒரு வார்த்த பேசிடுங்களேன் சார். நான் பாத்துட்டுப் போறேன். பேஜாரா கீது எனக்கு.”

இரண்டு பேரும் அவரவர் காகிதங்களைப் புரட்டினார்கள். முனிசாமி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கஸ்தூரிரங்கனின் கூஜாவிலும் ஆபிரகாமின் மண் ஜாடியிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆபீசில் இரண்டே பேர். கஸ்தூரிரங்கன் வந்து பூட்டைத் திறந்தார். ஆபிரகாம் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அப்போது கஸ்தூரிரங்கனுக்குப் பழைய வாடகை ரசீதுக் கட்டு ஒன்று தேவைப்பட்டது. அது ஆபிரகாமின் மேஜையில் இருந்தது. அவர் தம்மை அறியாமலே, “முனிசாமி, அந்தக் கட்டை வாங்கு” என்றார்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. ஆனால் நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்துச் சொன்னது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. ஆபிரகாம் கட்டை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். கொஞ்சம் கழித்து அவரும், “முனிசாமி, ஜன்னலைச் சாத்தினா தேவலை, காகிதம் பறக்குது” என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். கஸ்தூரிரங்கன் எழுந்து சாத்தினார்.

இப்படியே இல்லாத முனிசாமியை வைத்துக்கொண்டு பங்குனி கழிந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. பாதி நேரம் கஸ்தூரிரங்கன் சொல்வதற்கு ஆபிரகாம் பதிலே சொல்வதில்லை. எழுதிக்கொண்டே இருப்பார். இன்னொரு தடவை குரலை உயர்த்திச் சொன்னால்தான் திரும்புவார். ‘மனுஷனுக்கு இன்னும் எவ்வளவு திமிர்!’ என்று கஸ்தூரிரங்கன் வீட்டில் மனைவி செங்கமலத்திடம் பொருமினார். “ஊரை விட்டுப் போகப் போறவரோட என்னத்துக்கு இன்னமும் சண்டை?” என்றாள் அவள்.

சித்திரை முதல் வாரத்தில், உப்பளத்தை வாங்கியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வர, இரண்டு பேருமே போக வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லியனுப்பினார்.

காலை பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவரும் பின் சீட்டில் ஒருவருமாக உட்கார்ந்து போனார்கள். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. மலைக்கோயிலுக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியே கையை நீட்டி இடம் பிடித்தார்கள். மகாபலிபுரத்தில் இறங்கியபோது கம்பெனி லாரியோடு டிரைவர் எல்லப்பன் காத்திருந்தான். லாரியின் முன்பக்கத்தில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் நெருக்கித்தான் உட்கார முடியும். அங்கிருந்து அளம் வரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தபடி போனார்கள்.

“இன்னா சார், ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டயா?” என்று எல்லப்பன் கேட்டுவிட்டு, ஒருவரும் சிரிக்காததைக் கண்டு ஓட்டுவதில் கவனமாக இருந்தான்.

அளத்தில் வெயில் கண்ணைப் பறித்தது. கால்வாயை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர் மினுங்கிற்று. கரையில் உப்பு அம்பாரங்கள், பனையோலை வேய்ந்து, குடிசைகள்போல் வரிசையாக நின்றன. புதுச் சொந்தக்காரரின் ஆட்கள் ஒவ்வோர் அம்பாரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பல வருஷம் அங்கே உப்பு வாரிய கன்னியம்மா இரண்டு பேரையும் கண்டு ஓடிவந்து, “நீங்க எல்லாம் பூட்றீங்களாமே சார், புது ஆளுங்கோ எங்கள வச்சிக்குவாங்களா?” என்று கேட்டாள். வைத்துக்கொள்வார்கள் என்று கஸ்தூரிரங்கன் சொன்னார். அதை அவர் ஏற்கெனவே புதியவர்களிடம் கேட்டு வைத்திருந்தார்.

வேலை முடிகிற நேரம். ஆபிரகாம் ஒற்றைக் கரையில் நின்று, பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடிக்கு அப்பால் கஸ்தூரிரங்கன். அந்தக் குறுகலான கரையில் எல்லப்பன் லாரியைத் திருப்ப இடமில்லாமல் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தான். பின்னால் ஆள் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆபிரகாம் திரும்பவில்லை.

“ஓய்!” என்று கத்தினார் கஸ்தூரிரங்கன். “ஓய் ஆபிரகாம்! லாரி! லாரி!”

கடல் காற்று வேறு எதிர்த்து வீசிற்று. ஆபிரகாம் அப்படியே நின்றார். கஸ்தூரிரங்கன் ஓடினார். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அவர் ஓடியதில்லை. ஓடிப் போய் இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கரை வழுக்கியது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் உப்புப் பாத்திக்குள் விழுந்தார்கள். லாரியின் பின்சக்கரம் ஆபிரகாம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

“ஐயய்யோ! சார்! இன்னா சார் ஆச்சி!” என்று எல்லப்பன் குதித்து ஓடிவந்தான். கன்னியம்மாவும் மற்ற பெண்களும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். வேட்டி, சட்டை, தலை எல்லாம் உப்புச் சேறு. கஸ்தூரிரங்கனின் மூக்குக்கண்ணாடி பாத்தியில் கிடந்தது. கன்னியம்மா துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

“எத்தனை தடவை கத்தினேன்! காதுல விழல?” கஸ்தூரிரங்கனுக்கு மூச்சு இரைத்தது.

“விழல” என்றார் ஆபிரகாம்.

“அது எப்படி விழாம இருக்கும்? ஊருக்கே கேட்டிருக்கும்!”

ஆபிரகாம் அவரையே பார்த்தார். “இடது காது எனக்குக் கேக்காது சார். சின்ன வயசுல அம்மை போட்டப்போ போயிடுச்சு. வலது காதுல இங்க காத்துதான் இரையுது.”

கஸ்தூரிரங்கன் அசையவில்லை. ஆபீசில் அவர் மேஜை ஆபிரகாமின் இடது பக்கம். இத்தனை வருஷமும் அங்கே உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார். அந்த வேகன் புறப்பட்ட நாள் அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அங்கேயிருந்துதான்.

“எனக்குத் தெரியாது ஓய்” என்றார். குரல் எழும்பவில்லை. அவர் சொன்னது ஆபிரகாமுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றி, மறுபுறம் போய் நின்று, “சத்தியமா எனக்குத் தெரியாது” என்று மறுபடி சொன்னார்.

“தெரியும்னு நினைச்சேன்” என்றார் ஆபிரகாம். “வேலை போயிடும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சிட்டீங்க, அதைத்தான் அத்தனை பேர் முன்னால சொல்லிக் காட்டினீங்கன்னு நினைச்சேன். வேற யாராவது சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன்.”

எல்லப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அடி கிடி பட்ச்சா சார்? ஆஸ்பத்திரிக்கி வுடட்டா?” என்றான்.

“வேண்டாம். மகாபலிபுரத்துல கொண்டு விடு” என்றார் கஸ்தூரிரங்கன்.

மகாபலிபுரத்தில் கிணற்று நீரில் குளித்து, வேட்டி சட்டையை அலசி, கடற்கரைப் பாறைமேல் விரித்துக் காயப்போட்டுவிட்டு, எல்லப்பன் கொடுத்த துண்டுகளைக் கட்டிக்கொண்டு இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. கோயில் பக்கம் வடக்கத்திய யாத்திரிகர்கள் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரிரங்கன் பார்த்து ஆபிரகாமின் வலது பக்கமாகவே உட்கார்ந்தார்.

கடைசியில் ஆபிரகாம்தான் ஆரம்பித்தார்.

“போன வருஷம் உங்களுக்கு டைபாய்டு வந்தப்போ நான் தினம் உங்க தெரு வழியாத்தான் சைக்கிள்ல வந்தேன். உள்ள வர மனசு வரலை. வாசல்ல கூட்டம் இல்லையேன்னு பாத்துக்கிட்டு, சரி, நல்லாத்தான் இருக்காருன்னு வந்துடுவேன்.”

“செங்கமலம் சொன்னா, ஆபிரகாம் மாதிரி ஒருத்தர் போறார்னு. நான்தான் நம்பலை” என்றார் கஸ்தூரிரங்கன். “உம்ம அம்மா தவறினப்போ உம்ம மேஜை வேலையெல்லாம் நான்தான் முடிச்சு வச்சேன். முனிசாமிகிட்ட, யார் செஞ்சதுன்னு சொல்லாதேன்னு சொன்னேன்.”

“அவன் அன்னிக்கே சொல்லிட்டான்.”

“படவா!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தவுடன் பேச்சும் வந்துவிட்டது. முனிசாமி யாரிடம் என்ன சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கோபத்தில் கஸ்தூரிரங்கன், “அந்த மனுஷனுக்குப் புத்தி இருக்கான்னு கேளு” என்று சொல்லியிருந்தார். முனிசாமி ஆபிரகாமின் மறுபக்கம் போய்க் காதோடு காதாக, “ஐயா உங்கள நாஸ்தா ஆச்சான்னு விசாரிக்கிறாரு” என்றாராம். “ஆச்சுன்னு சொல்லு” என்று ஆபிரகாம் சொன்னதை முனிசாமி கஸ்தூரிரங்கனிடம், “தப்பு ஆயிப்போச்சாம் சார்” என்று கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். அன்று தமக்கு மனசு ஆறிப்போனது கஸ்தூரிரங்கனுக்கு ஞாபகம் இருந்தது.

“எத்தனை சண்டையை அவன் இப்படித் தின்னிருப்பான்!” என்றார் ஆபிரகாம், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே.

சிரித்து ஓய்ந்த பிறகு கஸ்தூரிரங்கன் அலையைப் பார்த்துக்கொண்டு, “ஆறு வருஷம் ஓய்” என்றார். ஆபிரகாம் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். வேட்டி காய்ந்து, காற்றில் படபடக்க ஆரம்பித்தது. சாயங்கால பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு ஆபீசுக்கு ஆயுசு மிகக் குறைவாகத்தான் இருந்தது. வேலையும் அதிகம் இல்லை. கஸ்தூரிரங்கன் தம் நாற்காலியை ஆபிரகாமின் வலது பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டார். முனிசாமி மத்தியானம் ஷெட்டிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று, “யோவ், இன்னா சார் இது!” என்று கத்தினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சனிக்கிழமை ருக்மிணி வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்து இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். “பேசுங்கோ, நான் வேணும்னா திரும்பி நிக்கறேன்” என்றாள் அவள். சாயங்காலங்களில் அவர்கள் மறுபடி ஏரிக்கரைக்குப் போனார்கள். கோடையில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் பேசிய விஷயங்களையே திரும்பப் பேசினார்கள். இன்னும் கொஞ்சம் நாள் இருந்தால் தேவலை என்று இருவருக்குமே இருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

கடைசி நாள் மேஜைகளை ஏலத்தில் எடுத்தவன் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். வெறும் தரையில் கஸ்தூரிரங்கன் ஒரு தரம் நடந்து பார்த்தார். அறை இவ்வளவு சிறியதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆபிரகாம் ஜன்னல்களைச் சாத்தினார். கஸ்தூரிரங்கன் பூட்டினார்.

அடுத்த வாரம் ஆபிரகாம் குடும்பத்தோடு காலை பாசஞ்சரில் புறப்பட்டார். விழுப்புரத்தில் மாறிப் போக வேண்டும். கஸ்தூரிரங்கன் வழியனுப்ப வந்தார். செங்கமலம் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு வந்தாள். முனிசாமி ரயில்வே நீலச் சட்டையோடு முன்னால் நின்று பெட்டி படுக்கைகளை ஏற்றினார். யாரையும் தொடவிடவில்லை.

செங்கமலமும் ரெபேக்காளும் ஒருவரை ஒருவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். புருஷர்கள் இத்தனை வருஷம் ஒரே ஆபீசில் இருந்தும் பெண்களுக்குப் பழக்கமே ஏற்பட்டிருக்கவில்லை. செங்கமலம் தூக்கை நீட்டி, “வழியில குழந்தைகளுக்கு ஆகும்” என்றாள். ரெபேக்காள் தயங்கி வாங்கிக்கொண்டு, “இதுல பெருங்காயம் கரைச்சு விடுவீகளா, பொடிச்சுப் போடுவீகளா?” என்று கேட்டாள். அங்கே ஆரம்பித்தது. அதிலிருந்து பிள்ளைகள் படிப்புக்குப் போயிற்று. அங்கிருந்து முழங்கால் வலிக்குப் போயிற்று. வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று போயிற்று. வண்டி நிற்கிற நேரம் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். கஸ்தூரிரங்கனும் ஆபிரகாமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போய்ட்டு வரேன் சார்” என்றார் ஆபிரகாம், மணி அடித்தபோது.

“போய்ட்டு வாரும்” என்றார் கஸ்தூரிரங்கன். வேறு ஏதோ சொல்ல நினைத்தார். இஞ்சின் ஊதியதில் நினைத்தது போய்விட்டது. ஆபிரகாமின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினார்.

வண்டி நகர்ந்தது. செங்கமலம் பேச்சை முடிக்காமல் கூடவே நாலடி நடந்தாள். கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு நல்லவளா இருக்கா! ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சிண்டு வரணும்னு உங்களுக்குத் தோணலையே” என்றாள்.

முனிசாமி கைகளைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மூவரும் மேம்பாலப் படி ஏறினார்கள். பாதி ஏறியதும் செங்கமலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடுத்த வருஷம் நாம ஒரு தரம் தூத்துக்குடிக்குப் போய்ட்டு வரலாமா? அவ கட்டாயம் வரச் சொல்லியிருக்கா.”

“போகலாம்” என்றார் கஸ்தூரிரங்கன்.

அடுத்த வருஷம் முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் போனார்கள்.